முதலில் கத்தியா, முதலில் மருந்தா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கு பல வருடங்களாகத் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. நீதிமன்றத்துக்குப் போன வழக்கு அல்ல. ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று பேர் மூன்று தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கு. என் பெரியப்பாவுக்கும், எங்கள் தாமானில் பின்வரிசையில் இருக்கும் ஓர் அக்காவுக்கும் வந்தது ஒரே நோய்: கிட்னியில் தொடங்கி நுரையீரலுக்குப் போய்விட்ட புற்றுநோய். பெரியப்பாவுக்கு 2003இல் நோய் தெரிந்த கையோடு கிட்னியை எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு 2019இல் தெரிந்தபோது, "இப்போது எடுக்க வேண்டாம், முதலில் மாத்திரை" என்றார்கள்.

"அவருக்கு வெட்டுனாங்க, இந்தப் பிள்ளைக்கு ஏன் வெட்டல?" என்பதுதான் வழக்கு. ஒரு தரப்பு, காசு இல்லாததால் விட்டுவிட்டார்கள் என்றது. இன்னொரு தரப்பு, முற்றிப்போனதால் கைகழுவிவிட்டார்கள் என்றது. மூன்றாவது தரப்பு எப்போதும் உண்டு: "கத்தி பட்டா பரவும்னு நம்ம பெரியவங்க அப்பவே சொன்னாங்க, இப்பத்தான் டாக்டருக்கே புரிஞ்சிருக்கு."

மூன்றுமே இல்லை. இரண்டு டாக்டர்களும் அவரவர் காலத்துக்குச் சரியாகத்தான் செய்தார்கள் என்பது என் கட்சி. நடுவில் போன பதினாறு வருடங்களில் மருத்துவமே இந்த விஷயத்தில் திசை மாறியது. நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் ஊரில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பைகளைப் புரிந்துகொள்வதற்காகப் படித்ததும், தெரிந்த டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஒரே வகை. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் உள்ளே வெறுமையாக, தெளிவாகத் தெரியும். அதனால் 'கிளியர் செல்' என்கிறார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். சிறுநீரகம் முதுகுப் பக்கம் ஆழத்தில் இருப்பதால் கட்டி சத்தமில்லாமல் வளரும். இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், கைக்குத் தட்டுப்படும் கட்டி மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, வாளி தூக்கிய தலைமுறைக்கு இடுப்பு வலி ஒரு நோயே இல்லை. பெரியப்பாவுக்குத் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரசர் கொடுத்த வெள்ளை மாத்திரையே பல மாதம் ஓடியது. சிறுநீர் சிவந்தபோது உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். அப்புறம் இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் ஈப்போவுக்குப் போனார்.

இந்தப் புற்றுநோய் ரத்தத்தின் வழியாகப் பயணம் போகும். முதலில் நுரையீரல், பிறகு எலும்பு, நிணநீர் முடிச்சு, கல்லீரல், கிட்னியின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, மூளை. விசித்திரமான இடங்களும் உண்டு: கணையம், தைராய்டு. கிட்னியை எடுத்துப் பத்து வருடம், இருபது வருடம் ஆன பிறகு கணையத்தில் தலைகாட்டியவர்கள் உண்டு. மற்றப் புற்றுநோய்களுக்கு ஏற்றும் கீமோ இதற்கு ஏறக்குறைய வேலையே செய்யாது. பழைய முறைக் கதிர்வீச்சுக்கும் பெரிதாக மசியாது. ஆக, வெகுகாலம் டாக்டர்கள் கையில் இருந்தது கத்தி மட்டும்தான்.

சரி, ஏற்கெனவே பரவிவிட்டதே, பிறந்த இடத்தை மட்டும் எடுத்து என்ன பயன்? நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஒரு பழைய கங்காணி இதற்குப் பதில் வைத்திருந்தார்: "தாய்மரத்தைச் சாய்ச்சா ஒட்டின கொடி தானா காயும்." இந்த நம்பிக்கை கங்காணிக்கு மட்டும் இருந்ததல்ல. கிட்னியை எடுத்த பிறகு நுரையீரல் கட்டிகள் எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே மறைந்ததை உலகம் முழுக்க டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அது நூற்றில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. அதை நம்பி ஒருவர் வயிற்றைத் திறக்க முடியாது.

திறக்கலாம் என்று சொல்ல வைத்தது வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட இன்டர்ஃபெரான் என்ற ஊசி அப்போது இருந்தது. அதைப் போட்டால் குளிர்க்காய்ச்சல் வந்து ஆளை உலுக்கும், பலனோ சிலருக்கு மட்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இரண்டு குழுக்கள் ஒரே கேள்வியைச் சோதித்தன: ஊசி மட்டும் போடுவதா, கிட்னியை எடுத்துவிட்டு ஊசி போடுவதா? சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முடிவுகள் 2001இல் வந்தன. அமெரிக்கச் சோதனையில் ஊசி மட்டும் போட்டவர்களின் நடுமட்ட ஆயுள் 8.1 மாதம், எடுத்துவிட்டுப் போட்டவர்களுக்கு 11.1 மாதம். பின்னால் இரண்டு சோதனைகளையும் சேர்த்து 331 பேரைக் கணக்கிட்டபோது 7.8 மாதத்துக்கு எதிரே 13.6 மாதம். நடுமட்டம் என்றால் பாதிப் பேர் அதற்கு முன்பே போனார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள். 'உங்களுக்கு இத்தனை மாதம்' என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்த சீட்டு அல்ல அது. ரிப்போர்ட் பையோடு வருகிறவர்களிடம் நான் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் இதுதான்.

பெரியப்பாவுக்கு 2003இல் அறுவை நடந்தது இந்தச் சோதனைகளின்படி. அப்போது உலகத்தில் எந்த நல்ல ஆஸ்பத்திரியும் அவரைப் போல் நடமாட்டத்தோடு இருந்தவருக்கு அதைத்தான் சொல்லியிருக்கும். பரவிய நோயில் மூலக்கட்டியின் சுமையைக் குறைக்கக் கிட்னியை எடுப்பதற்கு 'சைட்டோரிடக்டிவ் நெஃப்ரெக்டமி' என்று பெயர். வாயில் நுழையாத இந்தப் பெயரைப் பெரியப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. "பாரத்தை இறக்கிட்டாங்க" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊசி போட்டுக்கொண்டு இரண்டு தீபாவளி பார்த்தார். இரண்டாவது தீபாவளிக்கு ஆட்டிறைச்சி பிரட்டலை அவரே கிண்டினார்.

அடுத்த கட்டம் மாத்திரைகளோடு வந்தது. இந்த வகைப் புற்றுநோயில் 'விஎச்எல்' என்ற மரபணு பழுதாகிவிடுகிறது. அது பழுதானால் செல், தனக்கு மூச்சே கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, புது ரத்தக்குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சமிக்ஞை விட்டுக்கொண்டே இருக்கும். கட்டி ரத்தத்தில் ஊறிக் கிடப்பது அதனால்தான். அந்தச் சமிக்ஞையை அடைக்கும் மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன: சோரஃபெனிப் 2005 டிசம்பரில், சுனிடினிப் 2006 ஜனவரியில். இன்டர்ஃபெரான் மெல்ல மூலைக்குப் போனது.

மருந்து மாறிய பிறகும் கத்தி அப்படியே தொடர்ந்தது. பழைய ஊசியோடு சேர்த்துச் சோதித்த அறுவையை, புது மாத்திரையோடும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார்கள். அது இன்னும் தேவையா என்று கேட்டது, பெரும்பாலும் பிரான்சு ஆஸ்பத்திரிகளில் நடந்த 'கார்மெனா' சோதனை. 450 பேர். ஒரு பாதிக்குக் கிட்னியை எடுத்துவிட்டு சுனிடினிப். மறுபாதிக்கு சுனிடினிப் மட்டும். 2018 ஜூனில் முடிவு வந்தபோது அறுவை மருத்துவர்கள் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தவர்களுக்கு நடுமட்ட ஆயுள் 13.9 மாதம். எடுக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 18.4 மாதம். மாத்திரை மட்டும் என்பது எந்த வகையிலும் மோசமில்லை என்று ஆகிவிட்டது.

ஏன் அப்படி? அறுவைக்குப் பிறகு ஆள் தேறி எழ வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மருந்தைத் தொடங்க முடியாது. மற்ற இடங்களில் இருக்கும் நோய் அந்த இடைவெளியில் சும்மா இருக்காது. சிலர் தேறாமலே போவதும் உண்டு. அவர்களுக்கு மருந்து கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை.

ஆனால் கார்மெனாவை 'இனி அறுவையே வேண்டாம்' என்று படிப்பது தவறு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் மட்டுமல்ல, படித்தவர்களும் அப்படித்தான் படித்தார்கள். அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் நடுத்தர ஆபத்தும் அதிக ஆபத்தும் உள்ள நோயாளிகள். நுரையீரலில் இரண்டு சின்னப் புள்ளியோடு, நன்றாக நடமாடிக்கொண்டு வந்தவரை எந்த அறுவை மருத்துவரும் குலுக்கலுக்கு விடமாட்டார். நேரே மேசைக்குக் கொண்டுபோயிருப்பார். அறுவையால் அதிகம் லாபமடையக்கூடிய ஆட்கள் சோதனைக்குள் குறைவாகத்தான் வந்தார்கள். இன்னொன்று, 'மாத்திரை மட்டும்' குழுவிலேயே 38 பேருக்குப் பின்னால் கிட்னியை எடுக்க நேர்ந்தது. சிலருக்கு ரத்தப்போக்கு, வலி. சிலருக்கு மருந்து அவ்வளவு நன்றாகக் கேட்டது.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் அக்காவின் கதை இருக்கிறது. கார்மெனாவை ஒட்டிய காலத்தில் 'சர்டைம்' என்ற சின்னச் சோதனையின் முடிவும் வெளிவந்தது. 99 பேர்தான்; ஆள் கிடைக்காமல் திணறிய சோதனை. கேள்வி வேறு: உடனே எடுப்பதா, மூன்று சுற்று மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு எடுப்பதா? உடனே எடுத்தவர்களின் நடுமட்ட ஆயுள் 15 மாதம், தள்ளிப்போட்டவர்களுக்கு 32.4 மாதம். ஆள் குறைவு என்பதால் இந்த எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது என்று எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் அது காட்டிய தர்க்கம் எனக்கு உறைத்தது. மருந்தைக் கொடுத்தும் நோய் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த ஆளுக்குக் கத்தி வைத்தும் பிரயோசனமில்லை. வீண் அறுவையிலிருந்து அவர் தப்பித்தார். மருந்துக்குக் கட்டுப்பட்டால், அவர்தான் அறுவைக்கு ஏற்ற ஆள்.

அக்காவுக்கு அதுதான் நடந்தது. நான்கு வாரம் மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு என்று சுற்று. மருந்தே மஞ்சள் நிறமானது, தோலும் மஞ்சளடிக்கும். தலைமுடியும் நரைத்து, ஓய்வு வாரத்தில் முளைப்பது மட்டும் கறுப்பாக வந்து, பட்டை பட்டையாகத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி காமாலை என்று தீர்மானித்துக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லவேளை, அக்கா முதலில் என்னைக் கேட்டார். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ரத்தச் சோதனையில், காமாலையில் ஏறும் பிலிருபினும் சரியாக இருந்தது. காமாலை இல்லை, சாயம்தான். உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், வாய்ப்புண், ஏறும் ரத்த அழுத்தம், மந்தமாகும் தைராய்டு ஆகியவை நிஜமான தொல்லைகள். ரசம்கூடக் காந்துகிறது என்று பல நாள் வெறும் கஞ்சிதான்.

பழத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது முக்கியம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் தம்புன் பம்ளிமாஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். கிரேப்ஃப்ரூட் குடும்பத்துப் பழங்கள் குடலில் மருந்தை உடைக்கும் நொதியைத் தடுக்கும். மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிப்போகும். பம்ளிமாஸும் அந்தக் குடும்பம். ஆப்பிள் வாங்குங்கள்.

சில சுற்றுகளுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. கிட்னிக் கட்டியும் கொஞ்சம் அடங்கியிருந்தது. அப்போதுதான் அறுவை மருத்துவர் "இனி எடுக்கலாம்" என்றார். உடனே ஒட்டுக்கடை வழக்கு புதுப்பிக்கப்பட்டது. "அப்ப மொதல்லயே எடுத்திருக்கலாமே? ஏன் இந்தப் பிள்ளையை இத்தனை மாசம் போட்டு வாட்டுனாங்க?" முதலில் எடுத்திருந்தால் அவர் அறுவைக்கு ஏற்ற ஆளா என்று யாருக்கும் தெரிந்திருக்காது என்பதை நான் எத்தனை முறை விளக்கினேனோ! மருந்து அங்கே சிகிச்சையாகவும் இருந்தது, பரீட்சையாகவும் இருந்தது.

யாருக்கு முதலில் கத்தி என்பதை டாக்டர்கள் ஊகத்தில் சொல்வதில்லை. நான் ஆய்வுக்கூடத்துக்காரன் என்பதால் எனக்குப் பிடித்த பகுதி இது. ஆறு விஷயங்களைப் பார்க்கும் ஒரு கணக்கு உண்டு. அதில் நான்கு சாதாரண ரத்தச் சோதனையிலேயே கிடைக்கும்: ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா, கால்சியம் ஏறியிருக்கிறதா, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருக்கிறதா, பிளேட்லெட் ஏறியிருக்கிறதா. மற்ற இரண்டு: நோயாளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா; நோய் தெரிந்த நாளிலிருந்து மருந்து தேவைப்படும் நாள்வரை ஒரு வருடம் தாண்டியிருக்கிறதா. ஆறில் எதுவும் தப்பில்லை என்றால் நல்ல நிலை, ஒன்றோ இரண்டோ தப்பென்றால் நடுத்தரம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் மோசம். வந்த அன்றே பரவியிருப்பவருக்குக் கடைசி விஷயம் ஆரம்பத்திலேயே தப்பாகிவிடும். ஆகவே அவர் நடுத்தரத்தில்தான் தொடங்குவார். அதற்கு மேல் ஏறாமல், பரவல் சில இடங்களில் மட்டும், பெரும் சுமை கிட்னியிலேயே, மூளையிலும் கல்லீரலிலும் எதுவும் இல்லை என்றால், முதலிலேயே அறுவை செய்வது இன்றும் நடக்கிறது.

கால்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஏறினால் தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் எல்லாம் வரும். வீட்டில் 'வயசாச்சு, பிதற்றுறாரு' என்பார்கள். அதுபோல, கல்லீரலில் கட்டி எதுவும் இல்லாமலே கல்லீரல் சோதனைகள் கெட்டுக் காட்டும் ஒரு வினோதம் இந்த நோயில் உண்டு. 1961இல் ஸ்டாஃபர் என்பவர் எழுதி வைத்தார். கிட்னியை எடுத்ததும் பலருக்கு அது சரியாகிவிடும். இதை முதன்முதலில் ஒரு ரிப்போர்ட்டில் பார்த்தபோது மாதிரி மாறிப்போய்விட்டதோ என்று மறுபடி ஓட்டினோம்.

அறுவையின் உள்விவரத்தில் நீளமாகப் போக எனக்குத் தகுதியில்லை. புரிந்தவரை: கிட்னியை அதைச் சுற்றியுள்ள கொழுப்போடும் உறையோடும் சேர்த்தே எடுக்கிறார்கள். பொதுவாக முதலில் தமனியைக் கட்டி ரத்த வரத்தை நிறுத்திவிட்டு, பிறகு சிரையைக் கட்டுகிறார்கள். கட்டி அட்ரினலைத் தொட்டிருந்தால் அதுவும் போகும். இந்தப் புற்றுநோய்க்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, அங்கிருந்து வயிற்றின் பெரிய சிரைக்குள் விரல்போல நீண்டு, சிலருக்கு இதயம்வரைகூட ஏறிவிடும். அப்படி ஏறினால் இதய அறுவை மருத்துவரும் சேர்ந்து நிற்க வேண்டும், இதய-நுரையீரல் இயந்திரம்கூடத் தேவைப்படலாம். எல்லா ஊரிலும் செய்யும் அறுவை அல்ல. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு கிட்னியோடு வாழ முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1869இல் ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன் திட்டமிட்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை அகற்றினார். அதற்கு முன் நாய்களில் செய்து பார்த்து, ஒன்று போதும் என்று உறுதிசெய்துகொண்டார். அந்தப் பெண் பிழைத்தார். ஆக, பதில் பழையது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல். மலேசியாவில் இந்தியர்களிடம் நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று சுகாதார அமைச்சின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. மிஞ்சுகிற கிட்னி ஏற்கெனவே சர்க்கரையால் களைத்த கிட்னியாக இருக்கலாம். அறுவைக்கு முன்பே, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினைப் பார்த்து இதைப் பேசிவிடுவது நல்லது. அறுவைக்குப் பிறகு முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை வாங்கிப் போடுவதும், பெயர் தெரியாத ஜாமு மூலிகைக் கஷாயம் குடிப்பதும் அந்த ஒற்றைக் கிட்னிக்கு அடி. அக்காவின் வீட்டுக்காரரிடம் நான் சண்டை போட்டதே இதற்குத்தான்.

இதுவரை கிட்னியை எடுப்பதைப் பற்றியே சொன்னேன். போய் உட்கார்ந்த இடத்தில் கத்தி வைப்பது வேறு கதை. எனக்குக் கேட்டால் நம்பிக்கை தருவது அதுதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பார்னி, சர்ச்சில் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் ஒரு பெண்ணின் நுரையீரல் கட்டியையும், அதற்கு மூலமான சிறுநீரகத்தையும் அகற்றி, 1939இல் அதை எழுதினார்கள். ஸ்கேன் இல்லாத காலம், இன்றைய மருந்து ஒன்றுகூட இல்லாத காலம். அந்தப் பெண் அறுவைக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, கடைசியில் இதய நோயால் இறந்தார். பரவினால் எல்லாம் முடிந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்லும் கதை இது.

உடனே சேர்த்துச் சொல்ல வேண்டியதும் உண்டு. இந்த அறுவை எல்லாருக்கும் அல்ல. ஒன்றோ சிலவோ புள்ளிகள், முழுதாக எடுக்க முடிகிற இடம், கிட்னி எடுத்து வெகுகாலம் கழித்து வந்தது, ஆள் தெம்பாக இருப்பது: இவை பொருந்துகிறவர்களுக்கு நுரையீரல், அட்ரினல், கணையம் ஆகிய இடங்களில் பலன் நன்றாக இருப்பதாகப் பல ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவுகள் காட்டுகின்றன. கார்மெனாபோலக் குலுக்கல் போட்டுச் சோதித்த சான்று இதற்கு இல்லை. நல்ல ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் செய்ததால் நல்ல முடிவு வந்ததா, அறுவையால் வந்ததா என்ற சந்தேகம் நியாயமானது. அப்படி இருந்தும் தகுதியானவருக்கு அதை மறுக்கும் டாக்டரை நான் பார்த்ததில்லை.

எலும்புக்குக் கணக்கே வேறு. தொடை எலும்பில் புற்று அரித்திருந்தால், ஆயுளைக் கூட்டுவதற்காக அல்ல, ஒடிந்து படுக்கையில் விழாமல் இருக்கக் கம்பி வைப்பார்கள். கட்டியில் ரத்தம் பொங்குவதால், அறுவைக்கு முன்னால் குழாய் வழியாக அதற்குப் போகும் ரத்த வரத்தை அடைத்துவிடுவது வழக்கம். மூளையில் சின்னப் புள்ளி என்றால் பல சமயம் கத்தியே தேவையில்லை. குறி வைத்துப் பாய்ச்சும் கதிர்வீச்சு போதும். பழைய கதிர்வீச்சுக்கு மசியாத இந்த நோய், ஒரே இடத்தில் பெரும் அளவாகப் பாய்ச்சினால் மசிகிறது.

அக்காவுக்குப் பிறகும் மருத்துவம் நகர்ந்துவிட்டது. இப்போது முதல் வரிசையில் இருப்பது இம்யூனோதெரபி: எதிர்ப்புச் செல்களின் பிரேக்கைத் தளர்த்திவிடும் மருந்துகள். அந்த வழியைக் கண்ட ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்தோ, ஒரு இம்யூனோ ஊசியோடு ஒரு மாத்திரையைச் சேர்த்தோ கொடுக்கிறார்கள். கார்மெனாவில் ஒப்பிட்ட சுனிடினிப்பே பழைய மருந்தாகிவிட்டதால், கத்தியின் இடம் எது என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து சோதிக்கப்படுகிறது. பரவியதையும் கிட்னியையும் முழுதாக எடுத்து, ஸ்கேனில் எதுவும் தெரியாத நிலைக்கு வந்தவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் ஊசி கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று ஒரு பெரிய சோதனை காட்டியது. 2021 நவம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. ஆக, கத்தியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காசு விஷயத்தில் ஒட்டுக்கடைத் தரப்புக்குப் பாதி நியாயம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி (ரிங்கிட்). மூன்றாம் வகுப்பு வார்டில் அறுவை என்றால் தோட்டத் தொழிலாளி குடும்பமும் தாங்கும். இம்யூனோதெரபி ஊசி அப்படி அல்ல. தனியாரில் போட்டால் ஆயிரக்கணக்கான வெள்ளி ஒவ்வொரு தடவையும் போகும். ஆக நம் நாட்டில் ஏழைக்குக் கத்தி மலிவு, மருந்துதான் விலை. 'காசில்லாததால் வெட்டவில்லை' என்ற பேச்சு தலைகீழ். மருந்துச் செலவுக்கு இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கடும் நோய்க்காக எடுக்க வழி உண்டு. வேலை செய்ய முடியாமல் போனவருக்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. இரண்டுக்கும் டாக்டர் எழுதித் தரவேண்டிய படிவங்கள் இருக்கின்றன. வார்டில் இருக்கும் சமூகநல அதிகாரியைக் கேட்டால் எதை எங்கே கொடுப்பதென்று சொல்வார். கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

பையோடு வருகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது: 'வெட்டுவீங்களா, வெட்டமாட்டீங்களா' என்று டாக்டரிடம் கேட்காதீர்கள். முதலில் மருந்து என்றால், எத்தனை மாதம் கழித்து ஸ்கேன், அதில் என்ன தெரிந்தால் அறுவை, என்ன தெரிந்தால் மருந்தை மாற்றுவது என்று கேளுங்கள். சிறுநீரக அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் உங்கள் படத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரின் கருத்துக்குப் போவதாக இருந்தால் ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் சிடி தட்டைக் கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவர் படத்தைத்தான் பார்க்க விரும்புவார். கட்டியின் மாதிரி எடுத்திருந்தால் அந்த நோயியல் அறிக்கையும் வேண்டும், ஏனென்றால் கிளியர் செல் இல்லாத வகையென்றால் மேலே சொன்ன எண்கள் பல பொருந்தாது.